பேரன் தூங்கின பிறகு பாட்டுக் கேட்க எந்த அம்பிளிபயர்?

எங்கள் வீட்டில் நான் பாட்டுப் போடலாம் என்ற நேரம் இரவு ஒன்பதரைக்குப் பிறகுதான். பகலில் பக்கத்து வளவில் உழவு இயந்திரம், பின்னேரம் மகளின் ரீவி, ஏழு மணிக்குப் பேரனின் அழுகை. அவன் படுக்கிற அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர், அதுவும் கூரை வரை போகவில்லை. மேலே சீலிங் கிடையாது. சத்தம் கூரைத் தகட்டுக்குக் கீழால் தாராளமாகப் போய் வரும். ஆகவே நான் கேட்பது எப்போதும் மெதுவாகத்தான். எவ்வளவு மெதுவாக என்றால், மாரியில் வாய்க்காலில் தவளை கத்தத் தொடங்கினால் மிருதங்கம் தோற்றுவிடும்.

இந்த ஒரு தேவைக்காக எட்டு மாதமாக மூன்று அம்பிளிபயர்களை ஒரே சோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். உருத்திரபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம், கடையில் எவரும் மெதுவாகப் போட்டுக் காட்டுவதில்லை என்பதுதான். கிளிநொச்சியில் ஒரு கடைக்காரப் பொடியன் எனக்குச் சொன்னது: "200 வாட் சேர், கூரை பறக்கும்." எனக்குக் கூரை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

மெதுவாகக் கேட்கிற பழக்கம் பேரனால் வந்ததும் அல்ல. 1996 இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் போய்க் கொட்டிலில் இருந்தோம். கரண்ட் இல்லை. ரோர்ச் பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். ஒருவர் சுற்ற நாலு வீட்டார் கேட்பது. சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்து போகும். பிபிசி தமிழோசை முடியும் வரை அப்பா காதை ரேடியோவின் வலையோடு ஒட்டி வைத்திருப்பார். அந்த டைனமோ மொத்தமே 6 வோல்ட், 3 வாட். பள்ளிக்கூடத்தில் பல வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். ஆனால் வாட் என்றால் என்ன என்பது எனக்குக் கையால் விளங்கியது அந்தப் பெடலில்தான்.

இப்போது அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். என் ஸ்பீக்கர்கள் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சாமான், வவுனியாவில் வாங்கியவை. முதுகில் 88 டெசிபெல், 6 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீற்றர் தூரத்தில் 88 டெசிபெல் சத்தம் வரும் என்பது முதலாவதன் பொருள்; ஓம் என்பது மின்தடையின் அளவு. நான் இரவில் கேட்கும்போது போனில் உள்ள சத்தமானி என் கதிரையடியில் 60 காட்டுகிறது. போன் காட்டுவதைத் தராசில் வைக்க முடியாது, ஆனாலும் ஒரு மட்டக் கணக்குக்குப் போதும். கதிரைக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டு மீற்றர். ஒரு மீற்றரில் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். 88 இல் இருந்து 23 டெசிபெல் கீழே. 20 டெசிபெல் குறைய நூறில் ஒரு பங்கு வலு, மிச்சம் 3 டெசிபெல் குறைய அதிலும் பாதி. ஆக எனக்கு வேண்டியது ஒரு வாட்டில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது 5 மில்லிவாட். கடைக்காரப் பொடியனின் 200 வாட்டில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. தவில்காரர் திடீரென்று ஓங்கி அடித்து நூறு மடங்கு கேட்டாலும் அரை வாட்டோடு காரியம் முடிந்துவிடும். 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் உள்ள வித்தியாசமே வெறும் 3 டெசிபெல்தான் என்பதைப் பெட்டியில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை.

அப்படியென்றால் மூன்றும் மெதுவாக ஒரே மாதிரித்தானே கேட்க வேண்டும்? கேட்கவில்லை. அதுதான் கதை.

முதலாவது, உள்ளூரில் கட்டின பெட்டி. பரந்தன் பக்கம் ஒரு தம்பி ரேடியோ, அம்பிளிபயர் திருத்துகிறார். சொல்லிவைத்தால் புதிதாகவும் கட்டித் தருவார். தகரப் பெட்டி, உள்ளே தோசைக்கல் மாதிரி வட்டமான ட்ரான்ஸ்போமர், பக்கத்துக்கு ஒரு சோடி 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ட்ரான்சிஸ்டர். இலங்கை, இந்தியா எங்கும் கோயில், கல்யாண வீட்டு செட்டுகளில் ஓடுவது பெரும்பாலும் இந்தச் சோடிதான். 38,000 ரூபாய் கொடுத்தேன். பகலில் கதவைத் திறந்து வைத்துப் போட்டுப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. தவில் நெஞ்சில் இடித்தது.

இரவில்தான் பிசகு தெரிந்தது. வீணையில் ஒரு சுரத்தை மீட்டிவிட்டால் அது தேய்ந்து தேய்ந்து மறைய வேண்டும். இந்தப் பெட்டியில் தேய்ந்து வந்த நாதம் கடைசியில் பொரிந்தது. ஈரச் சுள்ளி எரிகிற மாதிரி ஒரு சின்ன முறுமுறுப்பு, பிறகு சட்டென்று ஒன்றும் இல்லை. பாடுகிறவரின் குரலும் கடுதாசியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பாடுவது போல. வொலியூமைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும். கூட்டினால் பேரன் எழும்புவான்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு உரலில் இரண்டு பேர் நெல்லுக் குற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்கும். இந்த வகை அம்பிளிபயரில் அலையின் மேல்பாதியை ஒரு ட்ரான்சிஸ்டர் தூக்குகிறது, கீழ்ப்பாதியை மற்றது இழுக்கிறது. கை மாறுகிற இடம் பூச்சியம். அந்த இடத்தில் ஒருவர் விட்டு மற்றவர் பிடிப்பதற்குள் ஒரு இடைவெளி விழுந்தால், பெரிய அலைக்கு அது பொருட்டே அல்ல. சின்ன அலைக்கோ அதன் முழு உயரமே அந்த இடைவெளியை அண்டித்தான் இருக்கிறது. மெதுவாகக் கேட்கிறவன் கேட்பதில் பாதி அந்தத் தடங்கல்தான். இதற்கு மருந்து பயஸ்: சத்தமே இல்லாத நேரத்திலும் இரண்டு ட்ரான்சிஸ்டரிலும் கொஞ்சம் கரண்ட் ஓடவிடுவது. ஒருவர் உலக்கையை விடுவதற்கு முதலே மற்றவர் கை வைத்துவிடுகிறார்.

பெட்டியைத் தூக்கி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பரந்தன் போனேன். தம்பி மூடியைக் கழற்றி, பாட்டை நிறுத்திவிட்டு, ட்ரான்சிஸ்டரின் காலோடு இருக்கிற 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு பக்கமும் மீற்றரின் முள்ளை வைத்தார். 2 மில்லிவோல்ட். 0.22 ஆல் பிரித்தால் 9 மில்லியம்பியர்.

"குறைவாத்தான் வைச்சிருக்கிறன் சேர். இது பங்ஷனுக்குக் கட்டுற அளவு. வெயிலுக்குள்ள எட்டு மணித்தியாலம் ஓடவேணும். கூட்டினா ஹீட்சிங் கொதிச்சு ட்ரான்சிஸ்டர் போகும், பிறகு நடுச்சாமத்தில எனக்குத்தான் கோல் வரும்."

"இது என்ர அறையிலதானே தம்பி ஓடப்போகுது."

யோசித்தார். சின்ன நீலப் பெட்டி மாதிரி ஒரு திருகு இருக்கிறது; ஸ்குரூ டிரைவரை வைத்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மீற்றர் 3, 5, 8 என்று ஏறி 10 இல் நின்றது. கை வைக்கக்கூடிய சூடு வரும் வரை இருபது நிமிடம் காத்திருந்து, கொஞ்சம் ஏறியிருந்ததைத் திருப்பி 10 க்கே இறக்கினார். 45 மில்லியம்பியர்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் கணக்குப் போட்டேன். 9 மில்லியம்பியர் பயஸில் இரண்டு ட்ரான்சிஸ்டரும் சேர்ந்தே வேலை செய்வது என் 6 ஓம் ஸ்பீக்கரில் ஒரு மில்லிவாட் வரைதான். 45 க்கு உயர்த்தினால் 24 மில்லிவாட் வரை. நான் கேட்கிற 5 மில்லிவாட் முன்பு அந்த எல்லைக்கு வெளியே கிடந்தது, இப்போது உள்ளே வந்துவிட்டது. அன்று இரவு வீணை தேய்ந்து மறைந்தது. எவ்வளவு நேரம் கேட்டது என்று சொல்ல முடியாது, சில்வண்டின் சத்தம் எங்கே தொடங்கியது என்று பிடிபடவில்லை.

ஒரு குறை மிச்சம் இருந்தது. வொலியூம் திருகைக் கொஞ்சம் திறந்தவுடன் பாட்டு வலது பக்கம் சாய்ந்துவிடும். வொலியூம் கொன்ட்ரோலுக்குள் இரண்டு கரித் தடங்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. மலிவான சாமானில் அவை இரண்டும் அடிநுனியில் ஒத்துப்போவதில்லை. நடுவுக்கு வந்தால்தான் சமமாகும். நானோ அடிநுனியிலேயே சீவிப்பவன். தம்பி அதற்கு, பாட்டு உள்ளே வருகிற இடத்திலேயே பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர், 10,000 ஓமும் 1,000 ஓமுமாக வைத்து, வருவதைப் பதினொன்றில் ஒரு பங்காக்கிவிட்டார். இப்போது அதே மெதுவான சத்தத்துக்குத் திருகு நடுவில் நிற்கிறது, பாட்டும் நடுவில் நிற்கிறது. நாலு ரெசிஸ்டருக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். "சத்தத்தைக் குறைச்சுத் தாங்கோ எண்டு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான் சேர்."

இரண்டாவது, உள்ளங்கையில் வைக்கக்கூடிய கிளாஸ் டி பெட்டி. கொழும்பில் இருந்து பாசலில் வந்தது, 6,500 ரூபாய். உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிபிஏ3116டி2 சிப். கட்டியவர்கள் யார் என்பதை விட்டுவிடுவோம். இதை வாங்கியதற்கு ஒரே காரணம் சோலர் பற்றரி. 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின ஞாபகம் இன்னும் போகவில்லை. அதற்குப் பிறகு 12 வோல்ட்டில் ஓடாத சாமானில் எனக்கு நம்பிக்கை குறைவு. கிளாஸ் டி அலையை நறுக்கி, நொடிக்கு லட்சக்கணக்கான தரம் திறந்து மூடுகிற ஆளியாக வேலை செய்கிறது. சூடாவதில்லை, பற்றரியைக் குடிப்பதும் இல்லை. 12 வோல்ட்டில் பத்து வாட் அளவுதான் தரும். எனக்கு அது ஊருக்கே போதும்.

முதல் இரவு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகவே இருந்தது. இரண்டாம் இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது. விசிறி நின்றது. அதன் பிறகு அறைக்குள் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு இரைச்சல், கேத்தல் கொதிக்கத் தொடங்குவது போல. பாட்டை நிறுத்தினேன், இரைச்சல் நிற்கவில்லை. வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனேன், அப்போதும் அதே அளவு. கதிரையில் இருந்தே கேட்டது.

கொழும்பில் இருக்கிறவர்கள் இந்த இரைச்சலைக் கேட்டே இருக்க மாட்டார்கள். அங்கே இரவிலும் ஓட்டோ ஓடும், மேல்மாடியில் யாராவது கதிரையை இழுப்பார்கள். இங்கே கரண்ட் போனால் தூரத்தில் யாராவது யானை வெடி போடும் வரை ஒன்றும் இல்லை. வன்னி இரவு இரைச்சலை அளக்கிற கருவி மாதிரி.

பெட்டியில் எழுதியிருக்கிற இரைச்சல் கணக்கு முழு வலுவுக்கு எதிரே போட்டது. பாட்டு குறைந்தால் இரைச்சலும் சேர்ந்து குறையாது. இருந்த இடத்திலேயே இருக்கும். அதிலும் இந்தச் சிப்பில் எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை, அதாவது கெயினை, 20, 26, 32, 36 டெசிபெல் என்று நாலு படியில் வைக்கலாம். சிப் செய்தவர்கள் தெரிவைத் தந்திருக்கிறார்கள். பெட்டி கட்டியவர்கள் எந்தப் போனை மாட்டினாலும் அலறட்டும் என்று உச்சப் படியில் வைத்துவிட்டார்கள். மீண்டும் பரந்தன். கடுகளவு ரெசிஸ்டர்கள்; பூதக்கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு தம்பி மூச்சை அடக்கி மாற்றினார், 36 இல் இருந்து 20 க்கு. இப்போது ஸ்பீக்கரில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் காதைக் கொண்டுபோனால்தான் இரைச்சல் தெரிகிறது. வொலியூம் திருகும் உருப்படியான இடத்துக்கு வந்துவிட்டது.

உலக்கை மாறுகிற முறுமுறுப்பு இதில் இல்லை. வேறொரு சேட்டை உண்டு: பக்கத்தில் மத்திய அலை ரேடியோவை வைத்தால் கீச்சிடும். ஆளி திறந்து மூடுகிற வேகம் 400 கிலோஹேர்ட்ஸில் தொடங்குகிறது, அதன் பேரப்பிள்ளைகள், அதாவது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அலைகள், மத்திய அலைவரிசைக்குள்தான் விழும். அப்பாவின் ரேடியோவை அலுமாரி மேலே மாற்றிவிட்டேன்.

இரண்டு பெட்டியும் திருந்திய பிறகும் ஒன்று மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. நாதஸ்வரக் கச்சேரி ஒன்று வைத்திருக்கிறேன், தோடி, நல்ல பதிவு. தவிலின் வலது பக்கமான வலந்தலையில் விரல் கூடுகள் பொழிவது மெதுவாகவும் துலக்கமாகக் கேட்கும். இடது பக்கமான தொப்பியில் விழுகிற கம்படி? கம்பு தோலில் படுகிற "டக்" மட்டும் வரும். அதன் பின்னால் வயிற்றில் இருந்து எழும்ப வேண்டிய "தொம்" வராது. தவில்காரர் ஒரு கையால் வாசிப்பது போல இருந்தது. எந்த அம்பிளிபயரில் போட்டாலும் அதே கதை.

இது பெட்டியின் பிழை அல்ல, காதின் இயல்பு. 1933 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வளைகோடுகளாக வரைந்தார்கள். இன்று அதன் வழிவந்தது ஐஎஸ்ஓ 226 என்ற சர்வதேச நியமம். 1,000 ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறதோ, அவ்வளவு பெரிதாக 100 ஹேர்ட்ஸ் என்ற அடிச் சுருதி கேட்பதற்குக் கிட்டத்தட்ட 64 டெசிபெல் வேண்டும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட இந்த இடைவெளி ஒடுங்கும், குறைக்கக் குறைக்க அகலும். மெதுவாக்கினால் முதலில் ஓடி ஒளிவது தொப்பிதான்.

மூன்றாவது பெட்டி இங்கேதான் வருகிறது. மனைவியின் தம்பி போன ஆவணியில் லண்டனில் இருந்து வந்தபோது தான் பாவித்த யமஹா ஏ-எஸ்301 ஐக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு 60 வாட், 9 கிலோ. "எனக்கு உடுப்புக் கொண்டுவர இடமில்லாமல் போச்சு அத்தான்" என்று இன்றைக்கும் சொல்கிறார். அங்கேயும் 230 வோல்ட் என்பதால் ட்ரான்ஸ்போமர் தேடி அலையவில்லை. கனடாவில் இருந்து வந்திருந்தால் 120 வோல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டும், கவனம்.

அதன் முகத்தில் வொலியூமை விட "லவுட்னஸ்" என்று தனியாக ஒரு திருகு. பழைய செட்டுகளில் இதே பெயரில் ஒரு பொத்தான் இருக்கும், அமத்தினால் பாஸ் என்கிற அடிச் சுருதி கண்டபடி வீங்கும். இது அப்படி இல்லை. லவுட்னஸ் திருகைக் கடைசி நிலையில், ஒன்றும் செய்யாத நிலையில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஆகக்கூடக் கேட்கிற அளவுக்கு வொலியூமைத் திறக்க வேண்டும். பிறகு வொலியூமைத் தொடாமல் லவுட்னஸால் சத்தத்தை இறக்க வேண்டும். இறங்கும்போது நடு அலைகளைத்தான் அதிகம் குறைக்கிறது, கீழும் மேலும் அவ்வளவு குறைவதில்லை. காதின் வளைகோட்டைக் கையால் பின்தொடர்கிற மாதிரி. கதவை மூடிவிட்டுப் பகலில் ஒரு தரம் வொலியூமை வைத்துக் குறித்துக்கொண்டேன்; இரவில் லவுட்னஸ் மட்டும்தான். முதல் இரவு அதே தோடி. தொப்பி வந்தது. பெரிதாக அல்ல, ஆனால் இரண்டு கையும் இருந்தது. "பியூர் டைரக்ட்" என்ற பொத்தானை அமத்தினால் லவுட்னஸ் வேலை செய்யாது. பெயரைப் பார்த்து மயங்கி நானும் ஒரு கிழமை அதை அமத்தியே வைத்திருந்தேன்.

இஞ்சருங்கோ, இவ்வளவும் செய்து கடைசியில் எதில் கேட்கிறீர்கள் என்று மனைவி கேட்டாள். கரண்ட் இருக்கிற இரவில் யமஹா. கரண்ட் போனால் சின்னப் பெட்டி, பற்றரியில். யமஹாவை என் மலிவு இன்வேட்டரில் ஒரு நாள் ஓடவிட்டேன். இன்வேட்டர் தருகிற கரடுமுரடான அலைக்கு ட்ரான்ஸ்போமர் தானே "ம்ம்ம்" என்று சுருதி பிடித்தது, தோடிக்கும் அதற்கும் சேரவில்லை. யமஹா வாங்க வழியில்லாதவர் தலையைப் பிய்க்க வேண்டியதில்லை. சின்னப் பெட்டியோடு போனில் உள்ள ஈக்குவலைசரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஐந்தாறு டெசிபெல் தூக்கிவிட்டால் முக்கால்வாசித் தூரம் வந்துவிடலாம். எனக்கு அது கொஞ்சம் செயற்கையாகப் பட்டது, மகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

கடையில் வாங்குகிறவர்களுக்கு: பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் காதை வையுங்கள். பிறகு ஒரு ஆளின் பேச்சுக் குரலை, கடைக்காரரின் சொந்தக் குரலை விட மெதுவாகப் போடச் சொல்லி, அது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பரந்தன் தம்பி கட்டின பெட்டி இப்போது துணி மூடி மூலையில் கிடக்கிறது. வருகிற திருவிழாவுக்குக் கோயில்காரர் இரவலாகக் கேட்டிருக்கிறார்கள். தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "குடுங்கோ சேர், ஆனா அதுக்கு முதல் என்னட்டைக் கொண்டுவாங்கோ. பயஸை இறக்கி, அந்த நாலு ரெசிஸ்டரையும் கழட்டித்தான் குடுக்கவேணும். இல்லாட்டி ஐயர் மந்திரம் சொல்லுறது அவருக்கே கேக்காது."